இறங்கி, ஏறி, மாறி: இலகு ரயிலும் சுரங்க ரயிலும் சந்திக்கும் நிலையத்தை எப்படி அமைப்பது?

ரயில் வரைபடங்கள் கொஞ்சம் பொய் சொல்லும். இரண்டு பாதைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு வெள்ளை வட்டம் போட்டிருப்பார்கள். பார்த்தால், ஒரு வண்டியிலிருந்து இறங்கி நாலடி வைத்து அடுத்ததில் ஏறிவிடலாம் என்று தோன்றும். அதை நம்பி ஒருமுறை கையில் பெட்டியோடு இறங்கினேன். எந்த நிலையம் என்பது வேண்டாம். படி ஏறி, நீளமான நடைவழியைக் கடந்து, தானியங்கிக் கதவில் கார்டைக் காட்டி வெளியே வந்து, சாலையைக் கடக்க சிக்னலுக்குக் காத்திருந்து, எதிரே நின்ற இலகு ரயில் கண்ணெதிரே கிளம்பிப் போவதைப் பார்த்தபோது 9 நிமிடம் ஆகியிருந்தது. இத்தனையும் அந்தச் சின்ன வட்டத்துக்குள்தான் இருந்திருக்கிறது.

இரண்டு சுரங்க ரயில் பாதைகளை ஒரே இடத்தில் சந்திக்க வைப்பதும் எளிதல்ல. ஆனால் சுரங்க ரயிலையும் இலகு ரயிலையும் சந்திக்க வைப்பதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. இரண்டும் வேறு வேறு ஜாதி வண்டிகள். முதலில் அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

சுரங்க ரயிலுக்குக் குறுக்கே எதுவும் வராத தனிப்பாதை. நீளம் 100 மீட்டரிலிருந்து 180 மீட்டர் வரை போகும், நெரிசலில் ஒரு ரயிலில் ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றும். பெட்டியின் தரை தண்டவாளத்திலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில் இருக்கும், நடைமேடையும் அதே உயரம். இலகு ரயில் டிராமின் வழிவந்தது. ஒரு வண்டி 30, 40 மீட்டர். நெருக்கியடித்தால் 200 பேர் சொச்சம். சாலையில் ஓடும், சிக்னலில் நிற்கும், வளைவுகளில் நெளிந்து திரும்பும். தாழ்தள வண்டியாக இருந்தால் அதன் தரை தண்டவாளத்திலிருந்து சுமார் 35 சென்டிமீட்டர்தான். பல சுரங்க ரயில்கள் தண்டவாளத்தை ஒட்டி ஓடும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. சாலையில் அப்படி ஒன்றைப் போட்டால் யாராவது மிதித்துச் செத்துப்போவார்கள், அதனால் இலகு ரயிலுக்கு மேலே கம்பி. இன்னொன்று: ‘இலகு’ என்பது வண்டியின் எடையைச் சொல்லவில்லை. ஏற்றிச்செல்லும் கூட்டமும் அதற்கான கட்டுமானமும் சிறியவை என்பதுதான் அதன் பொருள்.

பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டவும் கூடாது. சிங்கப்பூரில் இலகு ரயில் என்பது ஓட்டுநர் இல்லாமல், ரப்பர் சக்கரங்களில், தூண்களுக்கு மேலே ஓடுவது. லாஸ் ஏஞ்சலிஸில் அது உயரமான மேடையிலிருந்து ஏறும் வண்டி. ஆகவே எந்த நிலையத்தைப் பற்றிப் பேசினாலும் முதல் கேள்வி, இங்கே எந்த வண்டி, எந்த உயரத்தில், எவ்வளவு பேரோடு வருகிறது என்பதுதான்.

உயரம்தான் முதல் எதிரி

பயணியைக் களைப்பாக்குவது நடையைவிட ஏற்ற இறக்கம்தான். சமதளத்தில் 80 மீட்டர் நடக்க ஒரு நிமிடம் போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 6 மீட்டர் ஏற வேண்டுமென்றால் ஏறக்குறைய 40 படிகள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு என்று தெரியும்.

எஸ்கலேட்டர் இருக்கிறதே என்பீர்கள். சாதாரண எஸ்கலேட்டர் விநாடிக்கு அரை மீட்டர் நகரும், சாய்வு 30 டிகிரி. 6 மீட்டர் உயரம் ஏற அது 12 மீட்டர் நகர வேண்டும், 24 விநாடி. ஆழத்தில் இருக்கும் நிலையமாகி 20 மீட்டர் ஏற வேண்டியிருந்தால் 80 விநாடி. இது வரிசையில் நிற்காமல், எஸ்கலேட்டர் பழுதில்லாமல் ஓடும் நாளின் கணக்கு. பயணிகளின் நடத்தையை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றும் இருக்கிறது: வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்தைவிட, வெளியே நடந்தும் காத்தும் கழியும் ஒரு நிமிடம் மனத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளமாகத் தெரிகிறது.

அதனால் நல்ல வடிவமைப்பாளர் முதலில் பேனாவை வைக்கும் இடம் குறுக்குவெட்டுப் படம். எந்த மேடை எத்தனை மீட்டர் ஆழத்தில்? இரண்டுக்கும் நடுவே நேராக இறங்க வழி உண்டா?

சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெரு இதற்கு நல்ல பாடம். எம்பார்கடேரோ, மான்ட்காமரி, பவல், சிவிக் சென்டர் என்று நான்கு நிலையங்களில் முனி இலகு ரயில் மேல்தளத்திலும் பார்ட் என்ற சுரங்க ரயில் அதற்கு நேர் கீழேயும் ஓடுகின்றன. இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு தளம்தான் வித்தியாசம். ஆனால் பார்ட்டிலிருந்து முனிக்கு மாறுகிறவர், முனி மேடையைத் தாண்டி இன்னும் மேலே, டிக்கெட் கதவுகள் இருக்கும் தளம் வரை ஏற வேண்டும். அங்கே ஒரு கதவில் வெளியேறி, இன்னொரு கதவில் நுழைந்து, ஒரு தளம் மறுபடி இறங்க வேண்டும். தளத்தைப் பொறியாளர்கள் பக்கத்தில்தான் வைத்தார்கள். இரண்டு நிறுவனங்கள், இரண்டு கட்டணம் என்பதால் நடுவே படி வைக்க முடியவில்லை. காங்கிரீட்டைப் போலவே கணக்குப் புத்தகமும் ஒரு நிலையத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கும்.

மேடையின் வகையும் முக்கியம். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரே மேடை இருந்தால் அதைத் தீவு மேடை என்பார்கள். தண்டவாளங்களின் வெளிப்பக்கத்தில் ஆளுக்கொன்றாக இருந்தால் பக்க மேடை. மேலே ஒரு தீவு, கீழே ஒரு தீவு, இரண்டும் கூட்டல் குறி போலக் குறுக்கே அமைந்தால், நடுவில் ஒரு படிக்கட்டு போதும். எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கும் மாறிவிடலாம். மேலே பக்க மேடைகள் என்றால் கதை வேறு. லாஸ் ஏஞ்சலிஸின் செவன்த் ஸ்ட்ரீட், மெட்ரோ சென்டர் நிலையம் அப்படி: மேலே இலகு ரயிலுக்கு இரண்டு பக்க மேடைகள், கீழே சுரங்க ரயிலுக்கு ஒரு தீவு. கீழிருந்து ஏறுகிறவர் தனக்கு எந்தத் திசை வேண்டும் என்று படியில் கால் வைப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தவறினால் இறங்கி மறுபடி ஏற வேண்டும். தீவு மேடையில் தப்பு செய்தால் திரும்பி நின்றால் போதும். எனக்குத் தீவு மேடைதான் பிடிக்கும், ஆனால் அதற்கு இரண்டு தண்டவாளங்களும் நடுவே விலகி வர அகலமான நிலம் வேண்டும். தெருவுக்கு அடியில் அது எப்போதும் கிடைப்பதில்லை.

ஒரே மேடையில் மாற முடியாதா?

எல்லோருக்கும் தோன்றும் கேள்வி. ஒரு மேடை, ஒரு பக்கம் சுரங்க ரயில், மறுபக்கம் இலகு ரயில், குறுக்கே எட்டு அடி. ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். தடையாக நிற்பது தரை உயரம். ஒன்று 1 மீட்டர், இன்னொன்று 35 சென்டிமீட்டர். மேடையை அப்படியே வைத்துக்கொண்டு, தாழ்தள வண்டியின் தண்டவாளத்தை அந்த வித்தியாசத்துக்கு உயர்த்திப் போடுவதுதான் வழி. கேட்க எளிது. நிலையத்துக்கு முன்னும் பின்னும் அந்த உயரத்துக்கு ஏறி இறங்கச் சரிவு வேண்டும், இரண்டு பாதைகளும் அந்த இடத்தில் ஒன்றுக்கொன்று இணையாகவும் வர வேண்டும்.

வியன்னாவில் லாங்கன்ஃபெல்டுகாஸ நிலையத்தில் இதைச் சாதித்திருக்கிறார்கள். யூ4 மூன்றாவது தண்டவாளத்தில் மின்சாரம் எடுக்கும் முழு மெட்ரோ. யூ6 மேல்கம்பியில் ஓடும், டிராம் குடும்பத்தைச் சேர்ந்த தாழ்தள வண்டி. 1989 முதல் இரண்டும் அங்கே ஒரே மேடையின் இரு பக்கமும் வந்து நிற்கின்றன. ஒரே திசையில் போகிறவர் மேடையைக் குறுக்கே கடந்தால் போதும்.

இன்னும் ஒருபடி மேலே போய், மாறவே வேண்டாம் என்று நினைத்த நகரம் ஆம்ஸ்டர்டாம். 1990-இல் தொடங்கிய 51-ஆம் தடத்தில் ஓடிய வண்டி பாதி வழி மெட்ரோ, மீதி வழி டிராம். நகரத்துக்குள் மூன்றாவது தண்டவாளம், ஆம்ஸ்டெல்வீன் பக்கம் மேல்கம்பி. அந்தப் பக்கத்தின் ஒரு பகுதியில் சாதாரண டிராமும் அதே தண்டவாளத்தில் ஓடியதால், அங்கே ஒவ்வொரு நிறுத்தத்திலும் உயரமான மேடை ஒன்று, தாழ்ந்த மேடை ஒன்று. 2019-இல் ஆம்ஸ்டெல்வீன் வரை போவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்தப் பாதை டிராமுக்கு மட்டும்.

ஆயிரம் பேர் கொண்டுவரும் வண்டி, இருநூறு பேர் ஏறும் வண்டி

மாறும் நிலையத்தின் சூட்சுமம் எல்லாம் இங்கேதான் இருக்கிறது. புறநகரிலிருந்து இலகு ரயிலில் வந்து சுரங்க ரயிலுக்கு மாறி வேலைக்குப் போகும் காலை நேரம் பெரும்பாலும் சிக்கலில்லாமல் கழியும். சிறிய வண்டி நூறு பேரை இறக்கும், அவர்கள் பெரிய மேடையில் கரைந்துவிடுவார்கள். மாலையில்தான் வினை.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் என் கற்பனை, ஆனால் நடப்பில் காணக்கூடிய அளவுதான். சுரங்க ரயில் 3 நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. ஒவ்வொன்றிலிருந்தும் 400 பேர் இறங்குகிறார்கள், அதில் 120 பேர் இலகு ரயிலுக்கு. இலகு ரயில் 6 நிமிடத்துக்கு ஒன்று, கொள்ளளவு 200, ஏற்கெனவே 80 பேரோடு வருகிறது. இரண்டு இலகு ரயில்களுக்கு இடையே இரண்டு சுரங்க ரயில்கள் வந்துவிடும். மேடையில் 240 பேர், வண்டியில் இடம் 120 பேருக்கு. மீதி 120 பேர் அங்கேயே நிற்கிறார்கள். அடுத்த வண்டிக்கு 360 பேர் காத்திருப்பார்கள். இப்படியே போனால் அரை மணி நேரத்தில் 5 வண்டிகள் கிளம்பிய பிறகும் மேடையில் 600 பேர்.

மேடை தாங்குமா? 60 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் அரை மீட்டர் யாரும் நிற்கக்கூடாத மஞ்சள் பட்டை. மிஞ்சுவது 150 சதுர மீட்டர். ஒருவர் இடிபடாமல் நிற்க முக்கால் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தால் சுமார் 210 பேர் நிற்கலாம். அதாவது முதல் வண்டி வருவதற்கு முன்பே மேடை நிறைந்துவிட்டது. இதற்கு மேல் வருகிறவர்கள் எஸ்கலேட்டரின் உச்சியில் தேங்குவார்கள், எஸ்கலேட்டரோ நிற்காமல் ஆட்களைக் கொண்டுவந்து தள்ளிக்கொண்டே இருக்கும். நிலையங்களில் நிஜமாகவே ஆபத்தான இடம் இதுதான். அதனால்தான் எஸ்கலேட்டர் முடியும் இடத்தில் கடை, பலகை, தூண் எதுவும் இல்லாமல் தாராளமாக இடம் விடச் சொல்கிறார்கள்.

மருந்து என்ன? இரண்டு வண்டிகளை இணைத்து ஓட்டினால் 400 பேர் கொள்ளும், 80 போக 320 இடம், 240 பேரும் ஏறிவிடுவார்கள். ஆனால் அதற்கு ஒரு வண்டிக்கான 30 மீட்டர் மேடை போதாது, நம் கணக்கில் இருப்பது போல 60 மீட்டர் வேண்டும். இந்த நிலையத்தில் மட்டும் இருந்தால் போதாது, பாதை நெடுகிலும் வேண்டும். மாறும் நிலையத்தின் பிரச்சினை ஊர்க்கோடியில் இருக்கும் சின்ன நிறுத்தத்தின் நீளத்தைக்கூடத் தீர்மானிக்கிறது, பாருங்கள். இன்னொரு மருந்து, இலகு ரயிலை இங்கிருந்தே காலியாகக் கிளப்புவது. அதற்கு வண்டி திரும்ப ஒரு வளையமோ, தடம் மாறும் குறுக்குத் தண்டவாளமோ தேவை.

கீழே சுரங்க ரயில் மேடையிலும் இதே கணக்கு உண்டு. 1 மீட்டர் அகல எஸ்கலேட்டர் நிமிடத்துக்குச் சுமார் 100 பேரை ஏற்றும். இறங்கிய 400 பேருக்கும் ஒரே எஸ்கலேட்டர் என்றால் 4 நிமிடம் ஆகும். அடுத்த ரயில் 3 நிமிடத்தில் வந்துவிடும். முதல் கூட்டம் போய்ச் சேர்வதற்குள் இரண்டாவது கூட்டம் இறங்கிவிடும். தீ விபத்து நேரத்தில் என்ன ஆகும் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 130 தரம், மேடை 4 நிமிடத்தில் காலியாக வேண்டும், 6 நிமிடத்தில் எல்லோரும் பாதுகாப்பான இடத்தை அடைய வேண்டும் என்கிறது. படிக்கட்டுகளின் அகலத்தைப் பல நேரம் தீர்மானிப்பது தினசரிக் கூட்டம் அல்ல, இந்த 4 நிமிடம்தான்.

கூட்டத்தைப் பிரிக்கப் பழைய தந்திரம் ஒன்று பாஸ்டனில் இருக்கிறது. பார்க் ஸ்ட்ரீட் நிலையம் 1897-இல் திறந்தது. வட அமெரிக்காவின் முதல் சுரங்கப்பாதையின் நிலையம் அது, அதில் ஓடியவை டிராம்கள். 1912-இல் அதற்கு அடியில் இன்றைய ரெட் லைன் சுரங்க ரயில் வந்தது. கீழே ரெட் லைனுக்கு நடுவில் ஒரு மேடை, இரண்டு வெளிப்பக்கமும் மேடைகள். ரயில் வந்தால் இருபுறமும் கதவு திறக்க முடியும், ஏறுகிறவரும் இறங்குகிறவரும் முட்டிக்கொள்ளத் தேவையில்லை. சிங்கப்பூரின் சுவா சூ காங் இலகு ரயில் நிலையத்தில் கூட்டம் பெருகியபோதும் கூடுதல் மேடைகள் கட்டித்தான் சமாளித்தார்கள்.

நடுவில் ஒரு சாலை

இலகு ரயில் சாலையின் நடுவில் ஓடுகிறது, சுரங்க ரயிலின் வாசல் நடைபாதையில் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. ஆனால் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு பயணியும் ஓடும் வண்டிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க வேண்டும். இலகு ரயில் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டால் சிக்னல் என்ன நிறம் என்று யாரும் பார்ப்பதில்லை. இதற்கு இரண்டு தீர்வுகள்தான் உருப்படியானவை. ஒன்று, சுரங்கத்திலிருந்து வரும் படியை நேராக நடுச்சாலை மேடையிலேயே ஏற்றிவிடுவது. மற்றது, இலகு ரயிலையே நிலையத்துக்குள் இறக்கிவிடுவது.

டொராண்டோ இரண்டாவது வழியை விரும்பும் ஊர். அங்கே ஸ்பாடைனா நிலையத்தில் 1997 முதல் டிராம் தெருவிலிருந்து சரிவில் இறங்கி, நிலத்தடி வளையத்தில் சுற்றி வந்து நிற்கிறது. இறங்குகிறவர் ஏற்கெனவே டிக்கெட் கதவுக்கு உள்ளே இருக்கிறார். மழையும் இல்லை, பனியும் இல்லை. குறையும் உண்டு: வளையம் என்றால் மேடை வளைந்திருக்கும், சக்கரம் கிரீச்சிடும், இடம் நெருக்கும்.

டிக்கெட் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுரங்க ரயில் கதவு போட்டு அடைத்த வீடு. இலகு ரயில் திண்ணை மாதிரி. யார் வேண்டுமானாலும் மேடையில் ஏறலாம், கார்டைக் காட்டுவது அவரவர் பொறுப்பு. ஹாங்காங்கின் இலகு ரயில் 1988 முதல் இப்படித் திறந்த மேடைகளோடுதான் ஓடுகிறது, இப்போது பக்கத்திலேயே எம்டிஆர் மெட்ரோ ரயில் கதவுகளோடு. இரண்டு பழக்கமும் சந்திக்கும் இடத்தில் கோட்டை எங்கே போடுவது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். கோலாலம்பூரின் மஸ்ஜித் ஜமேக்கில் இரண்டு எல்ஆர்டி (இலகு ரயில்) தடங்கள் ஒரே இடத்தில் இருந்தும், 2011 வரை ஒன்றிலிருந்து வெளியே வந்து வேறு டிக்கெட் எடுத்துத்தான் அடுத்ததில் ஏற முடிந்தது.

லிஃப்ட் பற்றி ஒரு வார்த்தை. பல நிலையங்களில் அது ஒரு மூலையில், மேடையின் கடைக்கோடியில் ஒளிந்திருக்கும். சக்கர நாற்காலியில் வருகிறவர் மற்றவர்களைவிட மூன்று மடங்கு தூரம் போக வேண்டியிருக்கும், சில இடங்களில் லிஃப்டிலிருந்து லிஃப்டுக்கு இரண்டு முறை மாறவும் வேண்டும். ஒரே லிஃப்ட் இரண்டு மேடைகளையும் நேராக இணைப்பதும், அது பழுதானால் ஓட இன்னொன்று இருப்பதும்தான் நியாயம். மேடைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியும் இதில் அடங்கும்: புதிய நிலையங்களுக்கு அமெரிக்க விதி அனுமதிப்பது பக்கவாட்டில் 3 அங்குலம், உயரத்தில் முக்கால் அங்குலத்துக்கும் குறைவு.

அறிவிப்புப் பலகைகளில் ஒன்றே ஒன்று: அடுத்த இலகு ரயில் எத்தனை நிமிடத்தில் என்ற பலகை இலகு ரயில் மேடையில் இருந்து பயனில்லை. கீழே, சுரங்க ரயிலிலிருந்து இறங்கும் இடத்தில் வேண்டும். 7 நிமிடம் இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் எஸ்கலேட்டரில் ஓட மாட்டார்கள்.

பின்னால் வரப்போகிறதற்கு இப்போதே இடம்

இரண்டு பாதைகளும் ஒரே சமயத்தில் கட்டப்படுவது அபூர்வம். ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்துக்கு அடியில் இன்னொன்றைத் தோண்டுவது, குடியிருக்கும் வீட்டின் அஸ்திவாரத்தை மாற்றுவது போன்ற வேலை. டொராண்டோவில் எக்ளின்டன் இலகு ரயிலுக்காகத் தோண்டியபோது, மேலே ஏற்கெனவே இருந்த சுரங்க ரயிலின் மேடையையே வடக்கே நகர்த்த வேண்டியிருந்தது. இரண்டு மேடைகளும் சரியாகக் குறுக்கிட்டால்தான் மாறும் தூரம் குறையும் என்பதற்காக அந்தப் பாடு.

லாஸ் ஏஞ்சலிஸில் வேறு கதை. லாங் பீச்சிலிருந்து பாசடீனாவுக்குப் போகிறவர் இலகு ரயிலில் வந்து, செவன்த் ஸ்ட்ரீட்டில் சுரங்க ரயிலுக்கு மாறி, யூனியன் ஸ்டேஷனில் மறுபடி இலகு ரயிலுக்கு மாற வேண்டியிருந்தது. இரண்டு மாற்றங்களும் நடுவில் இருந்த சின்ன இடைவெளியால் வந்தவை. 2023 ஜூனில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் சுரங்கம் திறந்து இரண்டு முனைகளையும் கோத்துவிட்டார்கள். அதே வண்டியில் உட்கார்ந்தபடி போகலாம்.

முன்யோசனை எப்போதும் பலித்துவிடும் என்றும் சொல்ல முடியாது. டொராண்டோவில் 1954-இல் முதல் சுரங்க ரயில் பாதை திறந்தபோது, குவீன் நிலையத்துக்கு அடியில் வருங்கால டிராம் சுரங்கத்துக்கென ஒரு நிலையத்தின் கூட்டையே கட்டி வைத்தார்கள். அந்த டிராம் வரவே இல்லை. ஆனால் மேலே இருப்பவை பக்க மேடைகள். ஒரு திசையிலிருந்து மறு திசைக்குப் போக வழி வேண்டும். அதனால் அந்தக் கூட்டின் ஒரு பகுதி நடைவழியாகிவிட்டது. ஓடாத டிராமின் நிலையத்துக்குள் இறங்கி மறுபக்கம் ஏறிப் போகிறோம் என்பது, அவசரமாகக் கடக்கிறவர்களில் பலருக்குத் தெரியாது.